பாரில் ஏற்றிய எட்டுக் கிலோமீட்டர்

1

பினாங்குக்கு வந்து பதினெட்டு வருடம் நிறைந்த அதே கிழமையில் நான் சைக்கிளால் மூன்றாம் தடவை விழுந்தேன். முதல் தடவை மழை. இரண்டாம் தடவையும் மழை. மூன்றாம் தடவை மழை விட்டிருந்தது. அதனால் சொல்ல ஒரு சாட்டும் இல்லாமல் போய்விட்டது.

ஊரில் இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். யாழ்ப்பாணத்தான் சைக்கிளால் விழுவதாவது? பல்லு முளைக்க முன்னரே பெடல் மிதித்த சாதியல்லவா நாங்கள். இதைத்தான் நானும் பதினெட்டு வருடமாக இங்கே கந்தோரில் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் எனக்கு எழுத்தர் வேலை. தேநீர் நேரத்தில் யாராவது புதுக் கார் வாங்கின கதையைத் தொடங்கினால், நான் மானிப்பாயிலிருந்து பட்டணம் போய்வந்த என் சைக்கிள் கதையைத் தொடங்குவேன். ஒவ்வொரு வருடமும் அந்தத் தூரம் நாலைந்து மைல் கூடிக்கொண்டே வந்தது. இப்போதைய கணக்கில் நான் கிட்டத்தட்ட வவுனியாவிலிருந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

ஒரு விசயத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை. ஒரு மதகை விட உயரமான எதிலும் நான் சைக்கிளில் ஏறியதில்லை. பினாங்கோ கடலுக்குள்ளே முக்காடு போட்டுக் குந்தியிருக்கிற ஒரு மலை. அதன் ஓரத்தில் கொஞ்சம் தட்டை நிலத்தை வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் குடியிருத்தியிருக்கிறார்கள்.

2

என் மகள் கௌரிக்குப் பதினாறு வயது. ஒரே பிள்ளை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மலாய்க்கு மாறுவாள். எனக்கு மலாயில் திட்டு விளங்காது என்பது அவளுக்குத் தெரியும். போன இரண்டு வருடத்தில் எங்கள் இருவருக்கும் நடந்த ஆக நீளமான சம்பாஷணை, காலையில் குளியலறைக்கு யார் முதல் என்பதுதான்.

அப்படிப்பட்டவள் செப்டெம்பர் மாதம் ஒருநாள், நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கையில் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தமிழில் பேசினாள். ஏதோ பெரிய வில்லங்கம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்து மேசை மெய் லிங். போன வருடம் அந்தப் பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் கிடக்கவேண்டும். மெஷின்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். இன்னொரு மெஷின் வாங்கக் காசு சேர்ப்பதற்காக டிசம்பர் விடுமுறையில் அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வரைக்கும் இரண்டு நாள் சைக்கிள் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். நோய் வருமுன் மெய் லிங் நல்ல சைக்கிளோட்டக்காரி. அவளுடைய பத்துக் கியர் சிவப்புச் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. தான் போகாவிட்டாலும் தன் சைக்கிளாவது ஈப்போ போகட்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். கொண்டுபோகிறேன் என்று கௌரி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"நல்ல விசயம், போயிற்று வா பிள்ளை," என்றேன் தாராளமாக.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் தனியே போக முடியாதாம். பெற்றோரில் ஒருவர் கூடவே சைக்கிளில் வரவேண்டும். அதற்கு முன் நவம்பரில் ஒரு தேர்வு ஓட்டம்: தீவை ஒரு சுற்றுச் சுற்றி, எழுபது கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் இருவரும் சேர்ந்து முடிக்கவேண்டும். ஒருவர் தவறினால் இருவருக்கும் இடமில்லை. என் மனைவி பவானிக்கு முழங்காலில் வாதம். மிச்சம் யார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

"நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, சைக்கிள்ல பொறந்தேன்னு," என்றாள் கௌரி.

படிவம் வந்தது. அடையாள அட்டையின் நிறம் என்ன என்று கேட்டிருந்தார்கள். மனைவிக்கும் மகளுக்கும் நீலம், எனக்கு இன்னமும் சிவப்பு. அதாவது நான் நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த ஊர்க்காரன் அல்ல. குடியுரிமை விண்ணப்பம் எந்த மேசையில் நித்திரை கொள்கிறதோ தெரியாது. சைக்கிளோட்டத்துக்கு அட்டையின் நிறம் எதற்கு என்று நான் வாதாடவில்லை. நீண்ட தூர அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு 'இருபது வருடம்' என்று எழுதினேன். மலைப்பாதையில் ஓட்டியதுண்டா என்பதற்கு 'பிரச்சினை இல்லை' என்று எழுதினேன். எழுத்தன் கை, கட்டத்தைக் கண்டால் நிரப்பிவிடும்.

3

பயிற்சி என்று நாங்கள் செய்தது ஆறு கிழமை நனைந்ததுதான். வேலைக்குப் போகுமுன், விடிய ஆறு மணிக்கு, டத்தோ கிராமாட் தெருவிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கெலுகோர் வரைக்கும் போய்த் திரும்புவோம். ஞாயிறுகளில் இன்னும் தூரம். இந்த ஊர் மழை எங்கள் மாரிமழை மாதிரி முன்கூட்டியே முகம் கறுத்து அறிவித்தல் தராது. வாளியைக் கவிழ்த்துவிட்டு, பிறகுதான் இடிக்கும்.

கௌரி சிவப்புச் சைக்கிளில் முன்னால் போவாள். நான் ஒரு பழைய சீனத்துக் கறுப்புச் சைக்கிளில். அதற்குக் கியரும் இல்லை, இரக்கமும் இல்லை. கம்பி பிரேக்; ரிம் நனைந்தால் அதைப் பிடித்தும் ஒன்றுதான் பிடிக்காமலும் ஒன்றுதான். சப்பாத்தைத் தரையில் உரசி நிறுத்தப் பழகிக்கொண்டேன். ஒரு சோடி சப்பாத்து இரண்டு கிழமைதான் வந்தது.

பவானி இந்த ஊரிலேயே பிறந்தவள். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. "விழறதா இருந்தா வீட்டுக்குப் பக்கத்துல விழுங்க. தூக்கிட்டு வர ஆள் இல்லை," என்பாள். நான் சொல் தவறாமல் மூன்றாம் தடவை எங்கள் சந்தியிலேயே விழுந்தேன்.

தேர்வு ஞாயிறு வந்தது. விடியமுன்னரே மழை. ஓட்டத்தைத் தள்ளிவைப்பார்கள் என்று மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோசத்தோடு கெலுகோர்த் திடலுக்குப் போனேன். பொறுப்பாக நின்றவர் மிஸ்டர் லிம். ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஒரு அங்குலத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத தொழிலில் முப்பது வருடம் இருந்தவர். ஈப்போவிலும் மழை பெய்யலாம் என்று மட்டும் சொன்னார். ஏழு மணிக்கு விசில். பகல் ஒரு மணிக்கு முடிவுக் கோட்டை மூடிவிடுவாராம். ஒரு மணி என்றால் ஒரு மணி.

கடற்கரைப் பாதை வரைக்கும் நான் மானத்தோடு போனேன். தெலுக் பஹாங் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் இறங்கி உருட்டத் தொடங்கினேன். உருட்டலாம், தடையில்லை, நேரம் மட்டும் ஓடும். காடு இரண்டு பக்கமும் தண்ணீர் சொட்டியது. தெருவில் வாய்க்கால் மாதிரி மண்தண்ணீர் இறங்கி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் கௌரி ஒரு காலை ஊன்றியபடி நின்று என்னைப் பார்ப்பாள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் போவாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். பிரேக் பிடிக்கவில்லை, இரண்டு காலையும் தரையில் உரசியபடி, தெரிந்த தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி பாலிக் பூலாவுக்குள் இறங்கினேன். அதற்குப் பிறகு இன்னொரு மலை. அதையும் கடந்து பாயான் லெப்பாஸ் வந்தபோது பதினொன்று பத்து. இனித் தட்டைத் தெரு. எட்டுக் கிலோமீட்டர்தான். நேரம் தாராளம். என் ஊர்த் தெரு மாதிரியான தெரு. நான் விசிலடிக்கத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து சிவப்புச் சைக்கிளின் பின் டயர் வெடித்தது.

4

டயரில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். என்னிடம் பசை, ஒட்டு, பம்பு ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி ஒரு சைக்கிள் கடை இருக்கும். யாழ்ப்பாணத்தான் பம்பைக் காவிக்கொண்டு திரிவதில்லை. இங்கே ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா, கடைக்காரர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார் என்றாள்.

பழுதான சைக்கிள்களுக்கு உதவ ஒரு வேன் கடைசி ஆளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் டயர், டியூப் எல்லாம் உண்டு. எப்போது வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"வெயிட் பண்ணுவோம் பா. வேன் வரும்," என்றாள் கௌரி.

நான் மணியைப் பார்த்தேன். மலையில் இன்னும் எத்தனை பேர் உருட்டிக்கொண்டிருக்கிறார்களோ. ஒரு மணி தாண்டி வேன் வந்தால்? ஆறு கிழமை நனைந்ததும் போச்சு, பிள்ளை கொடுத்த வாக்கும் போச்சு. அப்போது எனக்குள்ளே இருந்த பழைய யாழ்ப்பாணத்தான் விழித்துக்கொண்டான். ஒருவருடைய சைக்கிள் பழுதானால் மற்றவர் என்ன செய்வார்? இதைக்கூட யோசிக்க வேண்டுமா? என் கறுப்புச் சைக்கிளின் பாரை, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள கம்பியை, தட்டிக் காட்டினேன்.

"ஏறு பிள்ளை."

"அப்பா, அது அலவ்ட் ஆ?"

"ஆர் தடுக்கிறது? ரெண்டு பேரும் நேரத்துக்குப் போய்ச் சேரவேணும், அவ்வளவுதானே."

"மெய் லிங்கோட சைக்கிள்?"

"இந்த அம்மா பாத்துக்கொள்ளுவா. பின்னேரம் வந்து எடுப்பம்."

அவள் சிவப்புச் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். மழை அவள் முகத்தில் வழிந்தது. நான் தகப்பன் குரலை எடுத்தேன். வீட்டில் ஒருநாளும் வேலை செய்யாத அந்தக் குரல் அன்று பார்த்து வேலை செய்துவிட்டது. சைக்கிளைக் கடைச் சுவரில் சாத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்து பாரில் ஏறினாள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் ஆறு வயதில் இருந்த பாரம் என் நினைவில் இருந்தது. ஏறியது வேறு பாரம். எதிர்க்காற்று. லொறிகள் தெருத் தண்ணீரை அள்ளி எங்கள்மேல் எறிந்துவிட்டுப் போயின. என் தொடை இரண்டும் முதலில் எரிந்தன, பிறகு நடுங்கின, பிறகு என்னுடையவையாக இல்லாமல் போய்விட்டன. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. மலையில் பட்ட வெட்கத்தையெல்லாம் இந்த எட்டுக் கிலோமீட்டரில் கழுவிவிட்டேன் என்று நினைத்தேன். அவளுடைய ஈரத் தலைமயிர் என் வாய்க்குள் பறந்துகொண்டிருந்தது. வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாசத்தில் வாயடைத்துப் போனாள் என்று எடுத்துக்கொண்டேன்.

5

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கோட்டைத் தாண்டினோம். திடலில் நின்றவர்கள் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். மிஸ்டர் லிம் சிரிக்கவில்லை. பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பாரிலிருந்து இறங்குகிற மகளைப் பார்த்தார்.

"மிஸ்டர் நாதன், யூ ஃபினிஷ்ட். ஷீ டிட் நாட்."

அவருடைய விளக்கம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது. ஓட்டுகிறவர் தன் சைக்கிளில் வரவேண்டும். இவள் ஓட்டவில்லை, பொதி மாதிரி வந்திருக்கிறாள். நடந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பாராம். வேனுக்குக் காத்திருந்தால்? வேன் உள்ளே வந்துவிட்டது, அதோ நிற்கிறது என்று காட்டினார். கடைசி ஆள் மலையில் கைவிட்டுவிட்டாராம். அவரையும் ஏற்றிக்கொண்டு அது வேறு பாதையால் முந்தி வந்திருக்கிறது. காத்திருந்தாலும் வந்திராது என்று எனக்கு ஒரு கணம் ஆறுதல். ஆனால் உருட்டிக்கொண்டு நடந்திருக்கலாமே. நேரம் சரியாக இருந்திருக்குமே. அது என் மூளைக்கு ஏன் எட்டவில்லை?

நான் கெஞ்சினேன். எங்கள் ஊர் வழக்கம் என்றேன். பிள்ளையின் சிநேகிதியின் கதையைச் சொன்னேன். இப்படி ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேண்டும், டிசம்பரில் நெடுஞ்சாலையில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். கடைசியில் வேன் சாவியை எடுத்து, வேனோட்டுகிற பெண்ணிடம் நீட்டினார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து அவள் ஓட்டி வரட்டும். ஆனால் பதினெட்டு வயதாகாத பிள்ளை. நீயும் கூட ஓட்டி வரவேண்டும்.

நீயும் என்பது நான்.

கௌரி என்னைத் திட்டவில்லை. மலாயில்கூட. கறுப்புச் சைக்கிளைத் தானே தூக்கி வேனுக்குள் ஏற்றினாள்.

வேனை ஓட்டியவர் நூர்ஜகான் அக்கா, மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ். மெய் லிங்கை நன்றாகத் தெரியும். நேற்றுக்கூட அந்தப் பிள்ளை படுக்கையில் கிடந்தபடி தீவுப் படத்தை வைத்துக்கொண்டு, இப்போது எந்த வளைவில் இருப்பார்கள் என்று இன்றைக்குப் பார்க்கப்போவதாகச் சொன்னாளாம். அக்கா இதை உற்சாகம் கொடுக்கத்தான் சொன்னார். கௌரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அப்போது தங்கச்சி புவனாவின் நினைவு வந்தது. ஏழு வருடம் அவளைப் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். சைக்கிள் ஓடப் பழக்கிவிடு அண்ணா என்று எத்தனையோ தடவை கேட்டாள். நான் இருக்கிறேனே, உனக்கெதற்கு என்று சொன்னேன். பிறகு கலியாணம் முடித்துக் கப்பலேறிவிட்டேன். இப்போது போரால் அங்கே பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, ஊரே சைக்கிளில் போகிறது. அவள் மட்டும் படிப்பிக்கிற பள்ளிக்கு ஐந்து மைல் நடக்கிறாள். இரண்டு மாதம் சுற்றி வந்த கடிதத்தில், போகமுன் பழக்கிவிட்டுப் போயிருக்கலாம் அண்ணா என்று பகிடியாக ஒரு வரி எழுதியிருந்தாள். வாசித்தபோது நான் சிரித்தேன். வேனுக்குள் சிரிப்பு வரவில்லை.

6

கடை திறந்திருந்தது. கடைக்காரர் ஒரு மலாய்க்காரர், வாயில் பீடியுடன் சாவகாசமாக வேலை செய்கிற ஆள். கௌரி மலாயில் அவரிடம் ஏதோ சொன்னாள். நல்ல மரியாதையான மலாய்; வீட்டில் நான் கேட்டதே இல்லை. மனிதர் பீடியை எறிந்துவிட்டு, உள்ளே தொங்கிய பழைய டயர்களில் ஒன்றைத் தேடியெடுத்து மாட்டினார். பன்னிரண்டு இருபத்தைந்து. எட்டுக் கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். நல்ல காலுக்கு அது விளையாட்டு. என் கால்கள் பெடலில் வைத்தவுடனேயே ஆடத் தொடங்கின.

முதல் கிலோமீட்டரிலேயே பின்தங்கிவிட்டேன். அவள் திரும்பி வந்தாள்.

"அப்பா, என் பின் டயரை மட்டும் பாருங்க. காத்து எம்மேல அடிக்கட்டும். பேசாதீங்க."

"பிள்ளை, நீ போ, நான்..."

"பேசாதீங்கன்னு சொன்னேன் லா."

பேசவில்லை. அவளுடைய பின் டயரிலிருந்து தெறித்த சேறு என் மூக்குக்கண்ணாடியில் அப்பியது. துடைக்கக் கையெடுத்தால் விழுந்துவிடுவேன். சேற்றுக்கூடாகத் தெரிந்த ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்து மிதித்தேன். அது தூரப் போனால் மெதுவாகும்; நான் கிட்டப் போனால் வேகமாகும். இந்தப் பிள்ளை எப்போது இதைப் பழகினாள்? மூன்று சந்திகளில் விளக்குச் சிவப்பு. ஒவ்வொன்றிலும் நான் சைக்கிள்மேல் குனிந்து கிடந்தேன். அவள் மணியைப் பார்த்தாள், எனக்குச் சொல்லவில்லை.

கெலுகோர்த் திருப்பத்தில் என் வலது தொடை கட்டிக்கொண்டது. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கோடு கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கினேன். சைக்கிளில் தொங்கியபடி, ஒரு காலை இழுத்து இழுத்து உருட்டினேன். கௌரி கோட்டுக்கு முன்னால் போய், ஒரு சைக்கிள் நீளம் இருக்கையில் நின்றுவிட்டாள். திடலில் நின்றவர்கள் அவளைத் தாண்டச் சொல்லிக் கத்தினார்கள். தாண்டிப் பிரயோசனமில்லை, இருவரும் வேண்டும் என்பது அவளுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். காலை ஊன்றியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குடையோடு வந்து நின்ற பவானி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வந்து பிடிக்க யாரோ ஒருவர் ஓடி வந்தார். மிஸ்டர் லிம் கையை நீட்டித் தடுத்தார். தொட்டால் அது உதவி, ஓட்டம் செல்லாது.

சேர்ந்து தாண்டினோம். மிஸ்டர் லிம் கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு ஐம்பத்தெட்டு என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் என்னைத் தோளில் பிடித்துப் புல்லில் இருத்தினார். டிசம்பருக்குக் கியர் உள்ள சைக்கிள் ஒன்று கொண்டு வா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தேறிவிட்டேன், ஆகவே நான் ஈப்போவுக்கும் போகவேண்டும்.

திடலுக்கு எதிரே கோப்பிக்கடையில் காசு போடுகிற தொலைபேசி ஒன்று இருந்தது. கௌரி மெய் லிங்கின் வீட்டுக்கு எடுத்து அவளோடு கதைத்தாள். நான் பக்கத்து மேசையில் காலை நீட்டிக்கொண்டு, சுடச்சுடக் கோப்பியை ஊதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலமும் மலாயுமாகக் கலந்து எல்லாவற்றையும் சொன்னாள். மழை, மலை, வெடித்த டயர், பீடியை எறிந்த கடைக்காரர், கடைசி இரண்டு நிமிடம். அப்பா தொடைப்பிடிப்போடு உருட்டியதைச் சொல்லிச் சிரித்தாள். உன் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். டயர் வெடித்ததற்கும் கடை திறந்ததற்கும் இடையில் ஒரு மணி நேரம் நாங்கள் எங்கே போனோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாங்கள் காத்திருந்தோம் என்றாள்.

பவானி திடலுக்கு வரும்போது ஒரு மணியாகப் பத்து நிமிடந்தான் இருந்தது. பாரில் வந்ததை அவள் காணவில்லை. அவளிடமும் கௌரி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. இன்றைக்கு ஒன்பது நாள். கந்தோரில் என் கதை வழக்கம்போல வளர்ந்து, நான் இரண்டு மலையையும் இறங்காமல் சைக்கிளிலேயே ஏறியதாக வந்து நிற்கிறது. அது அவள் காதுக்கும் போயிருக்கிறது. அதற்கும் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லாமல் விட்டதை நான் இங்கே எழுதுகிறேன். ஊரில் வாசிக்கிறவர்களில் யாராவது புவனாவைக் கண்டால், இதை அவளிடம் கொடுங்கள். அவளுக்கு ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக் கொடுத்து, ஓடப் பழக்கவும் ஆள் வேண்டும். விழுந்தால் தூக்காமல், பக்கத்தில் நிற்கிற ஆளாகப் பாருங்கள்.